தேம்ஸ்மீட் ஏரிக்கரையில்

திரைப்படங்களைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் எண்ணியதில்லை. சுண்ணக்கட்டியோடும் சிவப்பு மைப் பேனாவோடும் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறவன் நான். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன், பதினாறு வயதை ஒட்டிய சிறுவர் இருவர் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட முதற்காதலைச் சொல்லும் ஆங்கிலப் படமொன்றைக் குறித்துக் கட்டுரை வரைகிறான் என்றால், நம் சங்கத்து அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். ஒரு கடனைத் தீர்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தக் கடன் யாருக்கு என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு சூன் மாதப் பள்ளி விடுமுறையில் இலண்டனுக்குச் சென்றிருந்தேன். என் மகள் அங்கே தாதியாகப் பணிபுரிகிறாள். மாநகரின் தென்கிழக்குக் கோடியில், ஏபி வுட் என்னும் இடத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். எலிசபெத் தடம் என்னும் புதிய இரயில் 2022ஆம் ஆண்டு மே மாதம் முதல் அந்த ஊர் வரை வருகிறது. நடுநகரத்து வாடகையைக் கட்ட இயலாதவர்களுக்கு அது பெரும் வசதி.

ஒருநாள் மாலை, "அப்பா, நடந்து வரலாமா? பக்கத்தில் ஓர் ஏரி இருக்கிறது" என்று அழைத்தாள். மணி எட்டைத் தாண்டியும் வெயில் இறங்கவில்லை. கால் மணி நேர நடையில் ஏரி வந்தது. நீரில் அன்னங்களும் வாத்துகளும் மிதந்தன. கரையில் சாம்பல் நிறக் கற்காரைக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. ஒருபுறம் பழைய கட்டடங்களை இடித்துப் புதிய அடுக்குமாடிகளை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அதுதான் தேம்ஸ்மீட்.

1960களில், தேம்ஸ் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தின்மேல் இலண்டன் பெருநகர மன்றம் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்பு அது. 1968ஆம் ஆண்டில் முதற் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1953இல் வந்த பெருவெள்ளத்தின் நினைவு ஆறாத காலம் அது. ஆகவே தரைத்தளத்தில் எவரும் படுத்துறங்கும்படி வீடு கட்டக் கூடாதென்று முடிவு செய்தார்களாம். கீழே வண்டி நிறுத்தும் கொட்டில்கள், மேலே வீடுகள், வீடுகளின் வாசலை இணைத்துக்கொண்டு ஓடும் நீண்ட நடைபாதைகள் என அமைத்தார்கள். ஸ்டான்லி கியூப்ரிக் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வன்முறைப் படத்துக்கு இந்தக் கற்காரைச் சுவர்களையே களமாகக் கொண்டார். அதன் பின்னர் அவ்வூருக்குப் படிந்த கெட்ட பெயர் எளிதில் நீங்கவில்லை.

"இங்கே இன்னொரு படமும் எடுத்திருக்கிறார்கள், அப்பா. எழுதியவர் இந்த ஊர்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். நீங்கள் பார்க்க வேண்டும்" என்றாள் மகள்.

வாத்தியார் என்ற சொல்லுக்கு நான் அடிமை. அன்றிரவே அவளுடைய மடிக்கணினியில் அதைப் பார்த்தோம்.

படத்தின் பெயர் 'பியூட்டிஃபுல் திங்'. அழகான ஒன்று என்று பொருள் கொள்ளலாம். லிவர்பூலில் 1968இல் பிறந்த ஜோனதன் ஹார்வி, தேம்ஸ்மீட் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தபோது எழுதிய நாடகம் இது. 1993ஆம் ஆண்டு இலண்டனின் புஷ் நாடக அரங்கில், சிலரே அமரக்கூடிய ஒரு சிறிய கூடத்தில் முதன்முதலாக மேடையேறியது. நாடகத்தை நெறிப்படுத்திய ஹெட்டி மெக்டொனால்ட் என்னும் அம்மையாரே பின்னர் அதைப் படமாகவும் இயக்கினார். சேனல் ஃபோர் தொலைக்காட்சிக்கென்று சிறு முதலீட்டில் எடுக்கப்பட்டது, பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போகவே 1996இல் திரையரங்குகளுக்கும் வந்தது. பெரிய நடிகர் எவரும் இல்லை. பெரிய காட்சிகளும் இல்லை. ஒரு நடைபாதை, அதில் மூன்று கதவுகள், ஒரு கோடைக்காலம் ஆகியவையே அதன் முதல்.

நடுக்கதவுக்குப் பின்னால் ஜேமி என்னும் சிறுவனும் அவன் தாய் சாண்ட்ராவும் வாழ்கிறார்கள். சாண்ட்ரா மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை பார்ப்பவள். தனக்கென்று ஒரு கடையை நடத்தும் பொறுப்பு கிடைக்காதா என்று ஏங்குகிறவள். ஒருபக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஸ்டீ என்னும் பையன். பந்தாட்டத்தில் கெட்டிக்காரன், ஆனால் குடிகாரத் தந்தையின் கையாலும் தமையனின் கையாலும் அடிபட்டே வளர்கிறவன். மறுபக்கத்தில், பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட லியா என்னும் கறுப்பினப் பெண். இவள் நாள் முழுவதும் கேஸ் எலியட் என்னும் அமெரிக்கப் பாடகியின் இசைத்தட்டுகளைப் போட்டு அண்டை அயலாரின் காதைத் துளைப்பவள். அந்தப் பாடகி 1974இல் இதே இலண்டனில் காலமானவர். படம் முழுவதும் அவர் குரலே இழையோடுகிறது.

நம் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் தட்டு உடைந்தால் மூன்றாம் வீட்டில் கேட்கும். யார் யாரை அடிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும், எவரும் கேட்பதில்லை. படத்தில் வரும் மனிதர் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்த நடைபாதை முழுவதும் புரிந்தது.

ஸ்டீ அடிபட்ட ஓர் இரவில் சாண்ட்ரா அவனைத் தன் வீட்டில் தங்க வைக்கிறாள். இருப்பது ஒரே கட்டில். ஜேமியின் தலைமாட்டில் ஸ்டீயின் கால். ஸ்டீயின் தலைமாட்டில் ஜேமியின் கால். பின்னோர் இரவில் அடிபட்ட முதுகில் தடவ வேறு மருந்து அகப்படாமல், காலுக்குப் பூசும் புதினாத் தைலத்தை எடுத்துத் தடவுகிறான் ஜேமி. கன்றிச் சிவந்த முதுகு, தயங்கித் தயங்கித் தொடும் விரல்கள், அறையில் பரவும் புதினா மணம். (மணத்தைத் திரையில் எப்படி உணர்ந்தேன் என்று கேட்காதீர்கள்.) அந்தக் காட்சியில் காமம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே இரக்கம் வந்து அமர்ந்துவிடுகிறது. இது நாள் வரை அந்தப் பையனை எவரும் நோகாமல் தொட்டதில்லை என்பதை வசனம் ஏதுமின்றியே இயக்குநர் சொல்லிவிடுகிறார்.

அதன்பின் அவர்கள் முத்தமிட்டுக்கொண்டபோது நான் இருமினேன். தேநீர் போடுகிறேன் என்று எழுந்தேன். "உட்காருங்கள் அப்பா, கெண்டி இங்கேயே இருக்கிறது" என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அன்றைய சட்ட நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் ஆண்கள் இருவர் தனிமையில் கூடுவது 1967ஆம் ஆண்டு வரை குற்றம். அவ்வாண்டு அது குற்றமன்று என்றாக்கியபோதும், இருவரும் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஆணும் பெண்ணுமாயின் 16 வயது போதும். 1994இல் அது 18 ஆகி, 2001இல்தான் இரு சாராருக்கும் 16 என்று சமமாயிற்று. இதற்கிடையே 1988ஆம் ஆண்டு, உள்ளூராட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவென்று ஒன்றைச் சேர்த்தார்கள். உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலின உறவை ஊக்குவிக்கக் கூடாது. அவ்வுறவு ஏற்கத்தக்க குடும்ப உறவே என்னும் போதனையைப் பள்ளிகளில் வளர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். ஸ்காட்லாந்தில் 2000 வரையிலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003 வரையிலும் அது நடப்பிலிருந்தது.

ஆசிரியனைச் சிறைக்கு அனுப்பும் சட்டமன்று அது. ஆனால் ஆசிரியனின் வாயை அடைக்கச் சிறை எதற்கு? ஓர் ஐயப்பாடு போதும். 'இதைச் சொன்னால் மேலிடத்தில் என்ன நினைப்பார்களோ' என்னும் எண்ணம் ஒன்று போதும். அந்த எண்ணத்தோடு எத்தனையோ ஆண்டுகள் வகுப்பறைக்குள் நுழைந்தவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன். அப்படிப்பட்ட காலத்தில், அதே ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், தம் மாணவரின் வயதொத்த இரு பையன்களை மேடையில் நிறுத்தி, அவர்களை அழவிடாமல், சாகவிடாமல், திருந்தவும் விடாமல், மகிழ்ச்சியாக இருக்க விட்டுவிட்டார். படத்தின் துணிவு முத்தத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சாண்ட்ராவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. லிண்டா ஹென்றி என்னும் நடிகை அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்திருக்கிறார். சாண்ட்ரா இலட்சியத் தாய் அல்லள். நாக்கும் நீளும், கையும் நீளும். மகன் விளையாட்டுப் பாடத்திலிருந்து நழுவி வீட்டுக்கு ஓடிவருவது தெரிந்து கத்துகிறாள். தன்னைவிட இளையவனான டோனி என்னும் ஓவியனோடு பழகுகிறாள். பின் அவனையும் அனுப்பிவிடுகிறாள். மகனும் ஸ்டீயும் கிரீனிச்சில் ஒத்த இயல்பினர் கூடும் ஒரு மதுக்கடைக்குச் செல்வதைப் பின்தொடர்ந்து சென்று உண்மையை அறிந்துகொள்கிறாள். பிறகு வீட்டில் மகனை எதிர்கொள்ளும் காட்சி வருகிறது. அவள் பேருரை நிகழ்த்தவில்லை. கோபம் வருகிறது, அழுகை வருகிறது. தனக்குத் தெரியாமல் மகன் இத்தனை நாள் தனியாக அஞ்சிக்கொண்டிருந்தானே என்பதுதான் அவளை மிகவும் சுடுகிறது என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் மகனை இழுத்து அணைத்துக்கொள்கிறாள். நம் படங்களில் வரும் தாய்மார் இத்தகைய இடத்தில் மயங்கி விழுவார்கள். அல்லது தெய்வப் படத்தின் முன் சென்று நிற்பார்கள்.

படத்தில் குறைகளும் உண்டு. லியா போதைப்பொருளை உண்டு பிதற்றும் பகுதி நீளம். ஸ்டீயின் தந்தையும் தமையனும் இறுதியில் என்ன செய்தார்கள் என்பதற்கு விடை இல்லை. கடைசிக் காட்சியில், குடியிருப்பின் நடுமுற்றத்தில், பட்டப்பகலில், கேஸ் எலியட்டின் பாடலுக்கு ஸ்டீயும் ஜேமியும் கைகோத்து மெல்ல ஆடுகிறார்கள். சாண்ட்ரா லியாவை இழுத்துக்கொண்டு தானும் ஆடத் தொடங்குகிறாள். சுற்றிலும் கூட்டம் கூடுகிறது; சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் புன்னகைக்கிறார்கள். நடக்கக்கூடியதா இது என்று என்னுள் இருந்த ஆய்வாளன் கேட்டான். மறுநாள் காலை அந்த நடைபாதையில் ஸ்டீ தந்தையைக் கடந்துதானே செல்ல வேண்டும்? கேள்வி சரியானதுதான். ஆயினும் அந்தக் காட்சி முடிந்தபோது நான் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதென்பதே காரணம்.

ஏனென்றால், அதற்குள் எனக்கு வேறொரு பையனின் நினைவு வந்துவிட்டிருந்தது.

1997ஆம் ஆண்டு. அந்தப் படம் இலண்டனில் வெளிவந்த மறு ஆண்டு. நான் பயிற்சி முடித்து வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தமிழ்ப்பள்ளி வேலையோடு, சனிக்கிழமைதோறும் ஓர் இடைநிலைப்பள்ளியில் பி.ஓ.எல். எனப்படும் தாய்மொழி வகுப்பும் எடுத்தேன். நான்காம் படிவத்து மாணவர் பதினான்கு பேர். ஒரு சனிக்கிழமை பிசிராந்தையார் கதையை நடத்தினேன். கோப்பெருஞ்சோழனை நேரில் கண்டிராமலே நட்புப் பூண்ட புலவர், அவன் வடக்கிருந்து உயிர்விட்டான் என்றதும் தாமும் அவ்விடத்திலேயே உயிர்விட்ட வரலாற்றை நான் சொன்னபோது வகுப்பு அசையாமல் கேட்டது. நன்றாக நடத்தினேன் என்ற செருக்கோடு, 'என் உயிர் நண்பன்' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதிவரச் சொன்னேன்.

பதின்மூன்று கட்டுரைகள் எப்போதும் போல இருந்தன. 'ஆபத்தில் உதவுபவனே நண்பன்' என்று தொடங்கி, 'அவனைப்போல் நண்பன் கிடைக்க நான் கொடுத்துவைத்தவன்' என்று முடிந்தன. பதினான்காவது வேறாக இருந்தது. மிதிவண்டிக் கொட்டகையில் நண்பனின் வண்டி இல்லாத நாளில் பள்ளி பூட்டிக் கிடப்பதுபோல் தோன்றும் என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். நண்பன் சிரிக்கும்போது பக்கத்தில் இருந்தால் போதும், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும் என்பதில்லை என்று எழுதியிருந்தான். அவன் முகத்தை ஒரு நொடிக்கு மேல் பார்க்க முடியவில்லை, ஏனென்று தெரியவில்லை என்றும் ஒரு வரி. எழுத்துப்பிழைகள் ஏராளம். ஆனால் அந்த வகுப்பில் உண்மையாக எழுதப்பட்டது அது ஒன்றுதான்.

பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கட்டுரை திருத்தக் கற்றுத் தந்திருந்தார்கள். கருத்துக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை, நடைக்கு இத்தனை. இந்தக் கட்டுரையை எந்தக் கட்டத்தில் போடுவதென்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேலியாக்குவது எளிது. அடுத்த சனிக்கிழமை, மிகைக் கூற்றுக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லி, அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். படித்துவிட்டு, "ஏன்டா, நீ எழுதியது நண்பனைப் பற்றியா, காதலியைப் பற்றியா?" என்று கேட்டேன்.

வகுப்பு இடிந்து விழுவதுபோல் சிரித்தது. அந்தப் பையனும் சிரித்தான். எல்லாரையும்விடச் சற்று அதிக நேரம் சிரித்தான். மூன்றாம் வரிசையில் இருந்த ஒருவன் மட்டும் சிரிக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டுரையின் நாயகன் அவன்தான் என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வருகைப் பதிவேட்டில் சுழியம் போட்டுக்கொண்டே வந்து, பிறகு பெயரை அடித்துவிட்டேன். அவன் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கவில்லை. அவனுடைய பயிற்சி ஏடு என்னிடமே தங்கிவிட்டது. இரண்டு முறை வீடு மாறியபோது அதுவும் எங்கோ போய்விட்டது.

அவன் எத்தகையவன் என்று எனக்குத் தெரியாது. அந்த வயதில் பலருக்கும் இப்படி ஒரு நட்பு வந்து போவதுண்டு. பிசிராந்தையாரின் நட்புக்குப் புதுப்பொருள் கற்பிப்பதும் என் நோக்கமன்று. நான் சொல்ல வருவது வேறு. ஒரு பையன் தன் நெஞ்சில் இருந்ததற்குச் சொல் தேடித் தமிழாசிரியனிடம் வந்தான். அன்று என்னிடம் இருந்தவை சட்டநூலில் உள்ள சொற்களும், சந்தில் நின்று பிறரை ஏசும் சொற்களும் மட்டுமே. தன்பாலின ஈர்ப்பு என்ற சொல்லையே நான் மிகப் பிற்பாடுதான் அறிந்தேன். சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டுதலுக்குப் பிறகு, இத்தகையோரை மதிப்போடு குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வெள்ளையர் விட்டுச்சென்ற 377ஏ பிரிவை நீக்கியது. நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் அந்த மரபில் வந்த பிரிவுகள் இன்றும் இருக்கின்றன. அதைப் பற்றி வாதிடச் சட்ட அறிஞர்கள் இருக்கிறார்கள். என் வழக்கு ஒரு பயிற்சி ஏட்டைப் பற்றியது.

ஊர் திரும்பியதும், பழைய மாணவர் சிலரைக் கேட்டு அவனுடைய தொலைபேசி எண்ணைப் பெற்றேன். வடக்கே ஒரு பண்டகசாலையில் மேலாளராக இருக்கிறான் என்றார்கள். நாற்பது வயதைக் கடந்தவனை அவன் இவன் என்று எழுதுவது முறையன்று, பழக்கம் விடவில்லை. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் கடத்தினேன். பிறகு ஒருநாள் நண்பகலில் அழைத்தேன்.

பெயரைச் சொன்னதும், "சார், நீங்களா! நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டான். குரலில் கசப்பு எதுவும் தெரியவில்லை. அதுவே எனக்குக் கடினமாக இருந்தது. சுற்றி வளைக்காமல், அந்தச் சனிக்கிழமையைச் சொன்னேன். நான் செய்தது தவறு என்றேன். ஆயத்தம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எவையும் வாய்க்கு வரவில்லை. மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பண்டகசாலையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிறகு, "அந்தக் கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள், சார்?" என்றான்.

"போடவில்லையப்பா" என்றேன்.

"எனக்கு அதுதான் சார் ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது" என்றான். என் மனைவியின் உடல்நலத்தை விசாரித்தான்; ஓய்வுபெற இன்னும் எத்தனை ஆண்டு என்று கேட்டான். லாரி வந்துவிட்டது, பிறகு அழைக்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தான்.